சரி, உட்காரு

என் அண்ணன் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டதும் மாணவன் எழுந்து நிற்க வேண்டும். பதில் சரியாக இருந்தால் "சரி, உட்காரு" என்பார். தப்பாக இருந்தால் ஒன்றுமே சொல்ல மாட்டார், அடுத்த ஆளிடம் போய்விடுவார். தப்பாகச் சொன்னவன் சரியான பதில் பிடிபடும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அத்தனை பேரும் மீசை வைத்த ஆம்பிளைகள், போதகர் ஆவதற்குப் படிக்க வந்தவர்கள். சிலருக்குப் பிள்ளை குட்டிகூட உண்டு. கால் கடுக்க நிற்பார்கள், ஒருத்தரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த இரண்டு வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்கிவிட்டால் பட்டமே வாங்கிவிட்ட மாதிரி முகம் மலர்ந்து உட்காருவார்கள்.

அண்ணன் சொல்லிக்கொடுப்பது எபிரெயமும் கிரேக்கமும். வேதம் முதலில் எழுதப்பட்ட மொழிகள். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் வேர்ச்சொல். "குடிக்கத் தண்ணி வேணுமா சார்?" என்று கேட்டால் போதும், எபிரெயத்தில் தண்ணீருக்கு ஒருமையே கிடையாது என்று ஆரம்பித்துவிடுவார். அவர் முடிப்பதற்குள் கேட்டவனுக்குத் தாகம் எடுத்துவிடும்.

அப்பா அம்மா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தது அண்ணன்தான். இரண்டு பேர் என்றால் நானும் என் தங்கையும். தங்கையை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவு சேட்டை. சாப்பாட்டு மேசையில் அண்ணன் எங்கள் இருவருக்கும் எபிரெய எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு ஒரு மண்ணும் ஏறவில்லை. வாலு மட்டும் தட்டில் விரலால் எழுதிக் காட்டுவாள். பிறகு நான் நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் எலும்பு வார்டில்தான் வேலை.

இலக்கணத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்ல வரவில்லை. சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வாலு சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வேதப் பாடல்களில் ஒன்றான மேய்ப்பன் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாரு, ஆரம்பத்துல கடவுளைப் பத்திப் பேசறப்ப 'அவர் நடத்துறார், அவர் கொடுக்கறார்'னுதான் வருது. யாரையோ பத்திப் பேசற மாதிரி. இருட்டான பள்ளத்தாக்கு வந்ததும் மாறிடுது. 'நீர் என்கூட இருக்கீர்'னு வருது. பயம் வந்ததும் 'அவர்' போய் 'நீர்' ஆயிடுச்சு. இதை யாரும் விளக்கவே வேண்டாம், வினைச்சொல்லே சொல்லிடுது" என்றார். வாலு அந்தக் காய்ச்சலிலும் கண்ணை விரித்துக் கேட்டாள். நோயாளியைத் தள்ளுவண்டியில் வைத்து ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது இப்போதும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

வாலுவுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அண்ணன்தான். அவருடைய மாணவர்களிலேயே கெட்டிக்காரன். இறுதி வருடம் முழுக்க ஒரு நாள்கூட நிற்க வைக்கப்படாத ஒரே ஆள் என்று அண்ணன் வீட்டில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். "ஒரு வினைச்சொல்லைப் பிரிச்சுக் காட்டறப்ப கை நடுங்கும், பாத்திருக்கியா? அவ்வளவு பயபக்தி" என்பார். அந்தக் கை பிறகு என்ன செய்தது என்று சொல்கிறேன். மாப்பிள்ளை என்றே சொல்கிறேன், வாயில் வருகிற பெயர் வேறு.

கல்யாணம் முடிந்து அவர்கள் போதகர் வீட்டில் குடியேறினார்கள். ஆலயத்தை ஒட்டி, மேலே இரண்டு அறை, கீழே இறங்கச் செங்குத்தான சிமெண்டுப் படி. வாலு முதலில் அடிக்கடி வந்தாள். பிறகு எப்போதாவது வந்தாள். வந்தபோதெல்லாம் வெயிலிலும் நீளக் கைச்சட்டை போட்டிருந்தாள். நான் என்ன கேட்டாலும் சிரித்தாள். எங்கள் வாலுவுக்குச் சிரித்து மழுப்புகிற புத்தியே கிடையாது, சண்டை போட்டுத்தான் பழக்கம்.

ஒரு நாள் காலையில் என் வார்டுக்கே வந்து நின்றாள். இடது முன்கை வீங்கியிருந்தது. படியில் விழுந்துவிட்டேன் என்றாள். எக்ஸ்ரே படம் எடுத்தோம். எலும்பு நேராக உடையவில்லை, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தது. அந்த மாதிரி உடைவதை நான் பார்த்துப் பார்த்துச் சலித்தவள். கையை யாரோ பிடித்துத் திருகியிருக்க வேண்டும்.

"யாருடி முறுக்கினது?"

"அக்கா, சத்தம் போடாதே."

"படி முறுக்குமாடி? அதுக்கென்ன கையா இருக்கு?"

அப்போதுதான் அழுதாள். மாவுக்கட்டுப் போட்டு முடித்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நான் இருப்பது நர்ஸ் விடுதியில், வெளியாள் தங்க அனுமதி இல்லை. அவளுக்குப் போக்கிடம் அண்ணன் வீடு ஒன்றுதான்.

அண்ணன் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அண்ணி அவள் கையைப் பார்த்ததும் "ஐயையோ" என்று வாயில் கை வைத்தாள். வாலு உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அண்ணனிடம் நேராகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணனுக்கு எது காதில் ஏறும் என்று அவளுக்குத் தெரியும், அந்தப் பாஷையிலேயே ஆரம்பித்தாள்.

"அண்ணா, ஒரு சங்கீதத்துல வருமே. என்னைத் திட்டறவன் எதிரியா இருந்தா தாங்கிக்குவேன், ஒளிஞ்சுக்குவேன்னு. அது வரைக்கும் யாரோ மூணாவது ஆளைப் பத்திப் பேசற மாதிரி போகும். திடீர்னு 'ஆனா நீ'ன்னு வரும். என் கூடவே நடந்த நீ, எனக்கு நெருங்கின நீ."

"ஆமா?"

"அந்த 'நீ' எங்க வீட்டுக்குள்ள இருக்கு, அண்ணா. எங்க போய் ஒளியறது?"

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "எவ்வளவு சரியாப் பிடிச்சே! அங்க 'ஆனா'ங்கற எழுத்து வினைச்சொல்லோட ஒட்டலை, 'நீ'யோட ஒட்டுது. அதனாலதான் கதை அங்க ஒடியற மாதிரி இருக்கு. என் பசங்களுக்கு இதைப் புரிய வைக்க எவ்வளவு பாடு! சரி, உட்காரும்மா."

வாலு உட்கார்ந்தாள். வேறென்ன செய்வாள்?

"அண்ணா, அவ பரீட்சை எழுத வரலை. கையை உடைச்சுக்கிட்டு வந்திருக்கா" என்று நான் கத்திய பிறகுதான் அவர் மாவுக்கட்டைப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பாசம் இல்லாதவர் இல்லை. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வாசலில் வந்து நின்று கெஞ்சியபோதும் உள்ளே விடவில்லை. "குழு கூடட்டும். நான் பேசறேன். இவ இனி என் வீட்லதான் இருப்பா" என்று அண்ணியிடம் சொன்னார். அதைக் கேட்டு வாலு கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினாள்.

போதகர் மனைவி தனியாக இருப்பதென்றால் சும்மா இல்லை, சபைக் குழு சம்மதிக்க வேண்டும். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். வேதம் சொன்னபடி மனைவி அடங்கி நடக்க வேண்டும், வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று ஏற்கனவே சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் அண்ணன் சொன்னால் குழுவில் மறுபேச்சுக் கிடையாது, அவ்வளவு மதிப்பு. ஆக வாலு திரும்பிப் போவதா இல்லையா என்பது அண்ணன் வாயில் இருந்தது.

சனிக்கிழமை காலை குழு கூடியது. ஆலய அலுவலக அறை. சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே கிறீச்சிடும் மின்விசிறி, மேசையில் ஆறிப்போன தேநீர். நான் படத்தின் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாலு என் பக்கத்தில். மாப்பிள்ளை எதிர் வரிசையில் தலை குனிந்திருந்தார். கூட்டம் தொடங்குவதற்கு முன்பு அவரை அண்ணன் வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஏதோ கேட்டதைப் பார்த்தேன். அவர் பதில் சொன்னதும் அண்ணன் அவர் தோளில் கை வைத்ததையும் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

அண்ணன் எழுந்தார். அன்றைக்குப் பேசியது மாதிரி அவர் எப்போதும் பேசியதில்லை.

"மனைவி அடங்கியிருக்கணும்னு எல்லாரும் தூக்கிக் காட்டற வரி இருக்கே, கிரேக்கத்துல பழைய பிரதிகள்ல அந்த வரியில வினைச்சொல்லே கிடையாது. முந்தின வரியிலேர்ந்து எடுத்துக்கணும். முந்தின வரி யாருக்கு? எல்லாருக்கும். ஒருத்தருக்கு ஒருத்தர் பணிஞ்சு நடங்கன்னு. புருஷன், பெண்டாட்டி, போதகர், தலைவர், எனக்கும் சேர்த்துத்தான். அந்த வரியை வெட்டிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்து ஒரு பொண்ணு கழுத்துல மாட்டறோம். கழுத்தை நெரிக்காம என்ன செய்யும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பகுதியில நேரடிக் கட்டளையா வர்ற வினை யாருக்கு? புருஷனுக்கு. 'நேசி'ங்கறது. அதுவும் ஒரு தடவை செஞ்சு முடிச்சுட்டுப் போற கட்டளை இல்ல. செஞ்சுகிட்டே இருங்கற கட்டளை. காலையிலயும் செய், கோபம் வந்தப்பவும் செய்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். வாலு என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சம். அதனால இவ என் வீட்ல இருக்கட்டும் என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அவர் சொல்லவில்லை. வாத்தியார் புத்தி! வாழ்நாள் முழுக்கச் செய்த மாதிரியே, முடிவைத் தானே சொல்லாமல் நிறுத்தி, எதிரே இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார்.

"அதனால என்ன?"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். வகுப்பில் எழுந்து பழகிய கால்கள்.

"அதனால கட்டளை எனக்கு, சார். அவளுக்கு இல்ல" என்றார். "நேசிக்கறதுக்கு அளவும் அங்கேயே இருக்கு. சொந்த உடம்பை நேசிக்கற மாதிரின்னு. சொந்த உடம்பை யாரும் வெறுக்கறதில்லை, ஊட்டி வளர்க்கறான், பேணிப் பாதுகாக்கறான்னு வருது. அந்தப் பேணறதுங்கற வினை கிரேக்கத்துல சூடு கொடுக்கறதுன்னு அர்த்தம், சார். பழைய ஏற்பாட்டோட கிரேக்கப் பிரதியில தாய்ப்பறவை கூட்டுல உக்காந்து சூடு கொடுக்கறதுக்கு அதே வினைதான். நீங்க சொல்லிக்கொடுத்தது." கண்ணீர் சட்டையில் சொட்டியது. "அந்த வினைச்சொல்லுக்கு நான் உண்மையா இல்ல, சார்."

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. தன் வாழ்நாள் உழைப்பு கண்ணெதிரே பலித்துவிட்டது போல அந்த முகம் பிரகாசித்தது.

"சரி, உட்காரு" என்றார்.

தலைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இதைவிட ஒரு மனுஷன் என்ன மனம் திரும்பணும்?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து படத்தை உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். "முதல்ல இதைப் பாருங்க. இந்த எலும்பைப் பாருங்க. இது பறவை சூடு கொடுத்ததா?"

"அவர்தான் எல்லாம் ஒத்துக்கிட்டாரேம்மா" என்றார் தலைவர். "இனி அதைக் காட்டி என்ன ஆகப்போகுது?"

"அவர் என்ன ஒத்துக்கிட்டார்? வினைச்சொல்லைப் பத்தித்தான் பேசினார்!"

"உனக்குக் கிரேக்கம் தெரியாது" என்று அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். கோபமில்லை, பரிதாபப்பட்டுச் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

ஜெபம் பண்ணினார்கள். வாலுவின் நல்ல கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார்கள். வெளியே வந்ததும் நான் அவளைத் தூணோரமாக இழுத்தேன். "போகாதேடி. எங்கேயாவது ஒரு அறை பார்க்கறேன். நாம ரெண்டு பேரும் இருப்போம்."

"எப்படிக்கா முடியும்? எல்லார் முன்னாடியும் அழுதுட்டார். இனி நான் போகலைன்னா கல்நெஞ்சக்காரி நான்தான்" என்றாள். பிறகு, "அண்ணனே சரின்னுட்டார்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தச் சிமெண்டுப் படியில் ஏறிப் போனாள்.

அன்று மாலை அண்ணன் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "வராந்தாவுல நான் நேரடியாவே கேட்டேன். கையை முறிச்சது நீதானான்னு. 'நான்தான் சார்'னு ஒரே வார்த்தையில சொல்லிட்டார். மறைக்கணும்னு நினைக்கறவன் அப்படிச் சொல்வானா?" என்றார். நான் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மாவுக்கட்டுப் பிரிக்க அவள் வரவேண்டிய நாள் வந்தது. அவளைக் காணவில்லை. மறுநாள் வந்தாள். நடந்து வரவில்லை. தள்ளுவண்டியில் வந்தாள், மேலே வெள்ளைத் துணி. படியில் தவறி விழுந்துவிட்டாளாம். தலையில் அடி. மாப்பிள்ளை வண்டியைப் பிடித்துக்கொண்டு கதறிக்கொண்டே வந்தார். நான் துணியை விலக்கினேன். இரண்டு மேற்கையிலும் விரல் பதிந்த தடம் நீலம் பாரித்திருந்தது. இதற்குமேல் என் பேச்சில் அவனுக்கு 'அவர்' கிடையாது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். கேட்டுக்கொண்டார், எழுதிக்கொண்டார். ஆனால் பிரேதப் பரிசோதனையில் விழுந்ததாலும் இப்படி ஆகலாம் என்று வந்திருந்தது. விரல் தடத்துக்கு அவன் பதில் வைத்திருந்தான், விழுந்தவளைத் தூக்கினேன் என்று.

"இதுக்கு முன்னாடி அடிச்சிருக்காரா?"

"கையை முறிச்சதை எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டான்."

"என்ன வார்த்தை சொன்னார்? அப்படியே சொல்லுங்கம்மா."

யோசித்தேன். எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வினைச்சொல்லுக்கு உண்மையா இல்லைன்னு சொன்னான்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குழுவினரையும் விசாரித்துவிட்டாராம். போதகர் அன்றைக்கு வேத விளக்கம் சொன்னார், வேறு ஒன்றும் எங்களுக்குத் தெரியாது, சபைக்குள் பேசினது சபைக்குள்ளேயே இருக்கட்டும் என்றார்களாம். "தெளிவா ஒரு வார்த்தை வேணும்மா. நான்தான் செஞ்சேன்னு அவர் சொல்லி யாராவது கேட்டிருக்கணும். அப்படி ஒரு ஆள் இருந்தா மேல நடத்தறேன்."

அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். ஓடினேன்.

அண்ணன் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒன்றும் இல்லை, தாளும் இல்லை பேனாவும் இல்லை.

"அண்ணா, ஸ்டேஷனுக்கு வாங்க. வராந்தாவுல அவன் சொன்னதைச் சொல்லுங்க."

"அது மனம் திரும்பறப்ப ஒருத்தன் தன் வாத்தியார்கிட்ட சொன்னது" என்றார். "அதைக் கொண்டுபோய்ப் போலீஸ்ல எப்படிம்மா கொடுக்கறது? விழுந்தும் இருக்கலாம். அவன் நிஜமாத்தான் அழுதான். அந்த விளக்கத்துல ஒரு தப்புக் கிடையாது."

"தப்புக் கிடையாதா? நம்ம பொண்ணு செத்துக் கிடக்கா!"

"அந்த விளக்கத்துல தப்பு இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அவர் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கடைசிக் கயிறு அது. விட்டால் எங்கே விழுவார் என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. எனக்கு இரக்கமே வரவில்லை. "எக்கேடோ கெட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அண்ணி கதவோரம் நின்று அழுதாள்.

அடக்க ஆராதனை. ஆலயம் நிரம்பி வாசல்வரை ஆட்கள். பின்கதவுப் பக்கம் இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் நின்றிருந்தார். பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் நாங்கள். தானே பேசுகிறேன் என்று அவன் தலைவரிடம் கேட்டு வாங்கியிருந்தான். மடிப்புக் கலையாத கறுப்புக் கோட்டு, சவரம் செய்யாத முகம். பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"நண்பன் செத்த வீட்டுக்கு வந்த இயேசு கண்ணீர் விட்டார்னு படிக்கறோம்" என்று ஆரம்பித்தான். "அங்க அந்த வீட்டுப் பெண்கள் அழறதுக்கு ஒரு வினை, இயேசு அழறதுக்கு வேற வினை. அவங்க அழறது சத்தம் போட்டு ஒப்பாரி வைக்கற வினை. அவர் அழறது கண்ணுல தண்ணி வர்ற வினை, சத்தமில்லாம. அதுவும் கிரேக்கத்துல அந்த வினையோட காலம் எப்படி வருதுன்னா, அடக்கி அடக்கி வெச்சிருந்தது சட்டுன்னு உடைஞ்சு வர்ற மாதிரி. அந்த நண்பன் உயிரோட எழுந்திருக்கப்போறான்னு தெரிஞ்ச கடவுளுக்கே அந்த ஒரு நொடி தாங்க முடியலை."

எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், என்னையே வெறுத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு அழகாகச் சொன்னான். சொன்னது அத்தனையும் சரியாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் முடித்தான். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்வரிசையில் தன் நாற்காலியைப் பார்த்து நகர்ந்தான். போகிற போக்கில் அண்ணனைப் பார்த்தான். பழக்கம்தானே, பதில் சொல்லி முடித்ததும் பார்க்கிற பார்வை.

அண்ணன் எழுந்து நின்றார்.

"நில்லு" என்றார்.

அவன் பாதி உட்கார்ந்தவன் எழுந்தான். "சார்?"

"நில்லு."

"ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா, சார்?"

"இல்ல. எல்லாம் சரி. ஒரு எழுத்துகூடத் தப்பு இல்ல." அண்ணன் குரல் ஆலயம் முழுக்கக் கேட்டது. வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசும் குரல். "வராந்தாவுல உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன். அதையே இப்பவும் கேக்கறேன். இவ கையை முறிச்சது யாரு?"

தலைவர் எழுந்து வந்து அண்ணன் கையைப் பிடித்தார். "ஐயா, இது இடமில்ல. பெட்டி இருக்கு, ஜனங்க இருக்காங்க." அண்ணன் அந்தக் கையை எடுத்து விட்டார். அவன் பக்கத்திலிருந்து பார்வையைத் திருப்பவே இல்லை.

"தெரிஞ்ச கேள்விதானே. பதில் சொல்லு."

அவன் வாய் திறந்து மூடியது. அன்றைக்கு அத்தனை வினைச்சொல்லையும் பிரித்துக் கோர்த்த வாயில் ஒரு சொல் வரவில்லை. அண்ணன் காத்திருந்தார். வகுப்பில் காத்திருக்கிற மாதிரியே, அவசரமில்லாமல் காத்திருந்தார். பிறகு பின்கதவைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், எழுதிக்குங்க. கையை முறிச்சது நீதானான்னு கேட்டேன். 'நான்தான் சார்'னு சொன்னான். என் காதால கேட்டேன். கேட்டும் இவளை அவன் கூட அனுப்பிச்சேன். பதில் நல்லா இருந்துச்சு, அதனால அனுப்பிச்சேன். அதையும் எழுதிக்குங்க."

ஜனங்கள் முணுமுணுத்தார்கள். யாரோ "அடப்பாவி" என்றார்கள், யாரைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவன் நாற்காலிக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டே இருந்தான். உட்கார ஒருத்தரும் சொல்லவில்லை, அவனாக உட்காரவும் அவனுக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் நடுவழியில் நடந்து வந்து அவன் முழங்கையைத் தொடும்வரை அப்படியே நின்றான்.

நாங்கள் வாலுவைப் புதைத்துவிட்டு வந்தோம். வழக்கு நடக்கிறது. வக்கீல்கள் இருக்கிறார்கள், தவணை மேல் தவணை வாங்குகிறார்கள், என்ன ஆகுமோ தெரியாது. என்ன ஆனாலும் அவள் வரப்போவதில்லை.

அன்று கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணி எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டாள். அண்ணன் உட்காரவில்லை. வாலு அன்றைக்கு மாவுக்கட்டோடு வந்து நின்றாளே, அந்த வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண் ஒட்டின செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தேநீர் கொடுத்தாள், வாங்கவில்லை. "கால் வலிக்கப் போகுது, உக்காருங்களேன்" என்று அண்ணி அழுதாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாணவர்கள் அவரைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் உட்கார்ந்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன்.